மில்லுக்காரி ஆனந்தபாயின் இருமல்

"என்னவாக்கும் கொண்டு வந்தது? மல்லியா, வத்தமொளகா?"

கேட்டுக்கொண்டே ஆனந்தபாய் அக்கா துவர்த்துத் துண்டை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுகிறாள். இந்தப் பக்கத்தில் வற்றல் மிளகாய்க்கு வத்தமொளகு என்று பெயர். வந்த பெண் "வத்த..." என்று தொடங்கியதுமே அக்காவுக்கு இருமல் வந்துவிடுகிறது. பையின் வாய் இன்னும் அவிழவில்லை. துவர்த்துக்குள்ளேயே குலுங்கி முடித்துவிட்டு, "பேரு கேட்டாலே போரும். தொண்டைக்குள்ள ஆரோ கோழித்தூவல விட்டுக் கிண்டுதான்" என்கிறாள். பிறகு மோட்டார் சுவிட்சைத் தட்டுகிறாள்.

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பின்னால், களியக்காவிளைக்குப் போகும் குறுக்குப் பாதையில் இருக்கிறது அவளுடைய பொடிமில். தமிழ்நாட்டு மிளகாயும் கேரளத்து மிளகாயும் ஒரே இயந்திரத்தின் வாயில்தான் விழும். வருகிறவர்களிடம் பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் பேசுவாள். திட்டுவதற்கு மட்டும் தமிழ். அதற்குத்தான் காற்று குறைவாகச் செலவாகிறது என்று ஒரு முறை எனக்கு விளக்கினாள்.

காற்று விஷயத்தில் அவள் கண்டிப்பானவள். பவுடர் பூசி வந்தவள் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். செண்டு போட்டவன் பலாமரத்தடிக்குப் போக வேண்டும். வாசனை எண்ணெய் தேய்த்த போஸ்ட்மேன் தபாலைப் படியில் வைத்துவிட்டுக் கைதட்டிவிட்டுப் போவார். அவளுடைய கணவர் சோமண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் பீடி குடிக்க எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போய், அங்கேயே வாய் கொப்பளித்து, ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டுத் திரும்புவார். "எனக்க மாப்பிள கேரளத்துல நல்லவராக்கும்" என்பாள் அக்கா. "தமிழ்நாட்டுல எப்படியோ, நான் கேக்கப் போறதில்ல."

சிரித்தாலும் இருமல் வரும், கோபப்பட்டாலும் வரும். சிரித்துக்கொண்டே கோபப்படுகிற வழக்கம் வேறு அவளுக்கு உண்டு. அந்தச் சமயங்களில் மோட்டாரை நிறுத்திவிட்டு எல்லோரும் காத்திருப்போம்.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது, சுயம்பு என்பவர் சந்திப்பில் புது மில் திறக்கும்வரை. ஷட்டர் கதவு, டைல்ஸ் தரை, சுவரில் மின்விசிறி. சுயம்பு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அங்கே வரிசையில் நின்ற யாரோ, ஆனந்தபாய்க்கு க்ஷயரோகம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் இருமி இருமி அரைத்த பொடியைக் குழம்பில் போடுவதா என்று வேறு யாரோ கேட்டார்கள். ஒரு மாதத்தில் அக்காவின் மில் வாசலில் சாக்குகள் குறைந்தன. குறிப்பாக மிளகாய்ச் சாக்கு. மிளகாய் வராத மில்லுக்கு மல்லியும் வராது. ஒரே பையில் கொண்டுவருகிறவர்கள் இரண்டு இடத்துக்கு நடக்க மாட்டார்கள்.

அக்கா நெய்யாற்றின்கரைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தாள். சளியும் கொடுத்துப் பார்த்தாள். க்ஷயம் இல்லை என்று சொன்னார்கள். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? எக்ஸ்ரே படத்தையே மில் ஜன்னலில், வெளிச்சம் படுகிற இடத்தில், கயிறு கட்டித் தொங்கவிட்டாள். "பாத்துக்கிடுங்க. ஒரு புள்ளி உண்டுமா?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டாள். பார்த்தவர்கள், உள்ளே எல்லாமே கறுப்பாக இருக்கிறதே என்று கவலையோடு போனார்கள். வியாபாரம் இன்னும் குறைந்தது.

அந்த எக்ஸ்ரேதான் டாக்டர் சங்கரியைக் கொண்டுவந்தது. நெய்யாற்றின்கரை ஈஸ்வரமூர்த்தியின் மகள். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய்ப் பிரிவில் வேலை. அவளுடைய அம்மா உமையம்மாளுக்குச் சாம்பார்ப்பொடி இங்கே அரைத்தால்தான் திருப்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வந்த சங்கரி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"அக்கா, இது தலைகீழால்லா தொங்குது."

"எப்படித் தொங்கினாலும் நெஞ்சு எனக்கதாக்கும்" என்றாள் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு, சிரிப்புக்குப் பின்னால் இருமல். சங்கரி படத்தைத் திருப்பிக் கட்டவில்லை. அக்காவின் இருமலை முழுவதும் கேட்டுவிட்டு, என்னென்ன வாசனைக்கு வருகிறது, எப்போதிலிருந்து, மூச்சில் இழுக்கிற பம்ப் அடித்துப் பார்த்தீர்களா என்று விசாரித்தாள். பம்ப் அடித்ததில் கை நடுங்கியதே தவிர இருமல் போகவில்லை என்றாள் அக்கா.

"உங்க நெஞ்சில கிருமி ஒண்ணும் இல்லக்கா. மூச்சுக்குழலுக்க உள்தோலில நரம்பு உண்டு. எரிவு தட்டினா மூளைக்குப் போய்ச் சொல்லணும், அதாக்கும் அதுக்க சோலி. உங்க நரம்பு சொல்லுததோட நிக்கல்ல. அதுக்க நுனியில இருந்து ஒரு பொருளக் கசிய விடுது. அது பட்ட இடம் வீங்கும், நீர் கோக்கும். வீங்கின இடத்துல சின்னத் தூசி விழுந்தாலும் பின்னயும் இருமல்."

"அப்பம் கள்ளன் வீட்டுக்குள்ளதான் இருக்கான்."

"கள்ளன் இல்ல, காவக்காரன். தேவைக்கு மேல பதறி வெப்ராளப்படுத காவக்காரன்."

"எனக்க மாப்பிள மாதிரி" என்றாள் அக்கா. ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்த சோமண்ணன் ஹாரனை ஒரு தடவை அமுக்கினார்.

அந்த நரம்பின் கசிவைத் தடுக்க வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று புது மாத்திரை கண்டுபிடித்திருக்கிறது என்றும், தங்கள் ஆஸ்பத்திரியில் அதைச் சிலருக்குக் கொடுத்துப் பரிசோதிக்கிறார்கள் என்றும் சங்கரி சொன்னாள். கசிகிற பொருள் போய் ஒட்டுகிற இடத்தில் மாத்திரை முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளுமாம். "பஸ்ஸுல துவர்த்து போட்டு இடம் பிடிக்கது மாதிரி." அது அக்காவுக்கு உடனே புரிந்தது. வெள்ளறடை பஸ்ஸில் அவள் அப்படித்தான் போவாள்.

"ஆனா ஒரு காரியம் உண்டு. பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் குளிகை. பாத்தா ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். ஆருக்கு எதுண்ணு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"பின்ன ஆருக்குத் தெரியும்?"

"கம்பெனிக்காரனுக்கு."

"இது நல்ல கண்ணுபொத்திக் களி" என்றாள் அக்கா. ஆனால் சம்மதித்தாள். காலியாகக் கிடந்த மில் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள்.

நான் பாறசாலையிலிருந்து தினமும் காலைப் பாசஞ்சரில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவன். ஆஸ்பத்திரி நாட்களில் அக்காவும் என் பெட்டியில் ஏறுவாள். முல்லைப்பூ வைத்த பெண்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்க ஜன்னலைப் பிடிப்பாள். அவளோடு வெள்ளறடைக்காரர் ஞானையனும் வருவார். ரப்பர் ஷீட்டைப் புகைபோடுகிற புரையில் வேலை செய்தவர். புகை ஒத்துக்கொள்ளாமல் வீட்டில் இருந்தார். அவருக்கும் அதே இருமல், அதே பரிசோதனை. ரயிலில் இருவரும் மாறி மாறி இருமுவார்கள். டிக்கெட் பரிசோதகர் எங்கள் வரிசையைத் தொடாமல் போய்விடுவார்.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் நடந்ததை அக்கா நடித்தே காட்டினாள். வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, மிளகாயின் காரத்தைத் தண்ணீரில் கலந்து பனிபோல ஆக்கி மூச்சில் இழுக்கச் சொல்கிறார்கள். முதலில் மிகக் குறைவாக, பிறகு கூட்டிக் கூட்டி. எந்த அளவில் இருமல் வருகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

"வத்தமொளகத் தின்னு இருமுததுக்கு நான் திருவந்தரம் வரைக்கும் ரயிலேறிப் போகணுமா சாரே? எனக்க மில்லுல ஒரு ஸ்டூல் போட்டு இருத்தினாப் போராதா?" முதல் சுற்றில் ஒன்றும் ஆகவில்லையாம். "இது எந்த ஊரு மொளகு டாக்டரே, எரிவே இல்லியே" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த சுற்றில் அவள் இருமிய இருமலுக்கு, வெளியே வரிசையில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மாத்திரைகள் வந்தன. ஒரு வாரம் கழித்து ரயிலில் ஞானையன் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மாத்திரை போட்டால் நாக்கு வறள்கிறது, தலை லேசாகச் சுற்றுகிறது, நெஞ்சுக்குள் ஏதோ விலகிக்கொடுக்கிறது என்றார். "எனக்குக் கெடச்சது அசலாக்கும். சம்சயமே இல்ல."

அக்காவுக்கு நாக்கும் வறளவில்லை, தலையும் சுற்றவில்லை. ஒரு மாத்திரையைக் கடித்து ருசி பார்த்தாள். ஒரு ருசியும் இல்லை. அவள் முகம் இருண்டது.

"எனக்குக் கிட்டினது மாவாக்கும் சாரே. மாவு பொடிக்கவளுக்கே மாவு தந்து விட்டிருக்கினும்."

கழக்கூட்டம் முதல் களியக்காவிளை வரை தெரிந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் புலம்பினாள். நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது ஞானையனிடம் மெதுவாகப் பேச்சுக்கொடுத்தாள். உங்களுக்குத்தான் பாதி குணமாகிவிட்டதே அண்ணே, கொஞ்ச நாள் நாம் மாத்திரையை மாற்றிக்கொண்டால் என்ன, பதிலுக்கு உங்கள் வீட்டு மல்லியும் மிளகாயும் ஒரு வருஷத்துக்கு என் மில்லில் சும்மா அரைத்துத் தருகிறேன் என்றாள். ஞானையன் சட்டைப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டு, அடுத்த ஸ்டேஷன் வரை கையை எடுக்கவே இல்லை.

வெறும் மாவு என்று தெரிந்த பிறகும் ஏன் விழுங்குகிறீர்கள் என்று கேட்டேன். "சங்கரிக்கு வாக்கு குடுத்தாச்சு. மாவுண்ணா மாவு."

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை, நான் மல்லி அரைக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒருத்தி மிளகாய் கொண்டுவந்திருந்தாள். அக்கா சுயம்புவின் புது மின்விசிறி பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டே சாக்கை அவிழ்த்தாள், கொட்டினாள், சுவிட்சைத் தட்டினாள். சிவப்புத் தூசி எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது. எனக்குக் கண்ணில் நீர். மிளகாய்க்காரி தும்மினாள். அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். வாளி விளிம்பில் துவர்த்து காய்ந்து கிடந்தது. நானும் மிளகாய்க்காரியும் வாசலில் நின்ற சோமண்ணனும் அவளையே பார்த்தோம்.

"என்னவாக்கும் எல்லாரும் எனக்க வாயப் பாத்துட்டு நிக்குதியோ?"

"நீ இருமல்லியே" என்றார் சோமண்ணன்.

அக்கா யோசித்தாள். இரண்டு நாளாகக் காற்று கிழக்கே இருந்து அடிக்கிறது என்றாள். அடுத்த வாரம், நாத்தனார் காய்ச்சித் தந்த ஆடாதோடைக் கஷாயம் என்றாள். அதற்கடுத்த வாரம், சோமண்ணன் களியக்காவிளையில் சோப்புப் போட்டுக் கை கழுவ ஆரம்பித்ததுதான் காரணம் என்றாள். மாத்திரை மட்டும் காரணமாக இருக்க முடியாது. அது மாவு.

சாக்குகள் திரும்பி வந்தன. சுயம்புவே ஒரு நாள் மோட்டார் பழுதாகி, அவரிடம் வந்த மிளகாயை இங்கே அனுப்பினார். அக்கா அதை அரைத்துக் கொடுத்துவிட்டு, கொண்டுவந்தவனிடம், "சுயம்புட்ட சொல்லு, ஒரு இருமல் கூட இதுல சேரல்லண்ணு" என்றாள். எக்ஸ்ரேயைக் கழற்றிவிட்டு அந்த ஜன்னலில் காலண்டர் மாட்டினாள்.

பரிசோதனை முடிந்து, யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று சொல்ல வரச்சொன்ன நாளில், "நீங்களும் வாருங்க சாரே, மாவு தின்னதுக்கு ஒரு சாட்சி வேண்டாமா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஞானையன் வரவில்லை. சங்கரி எங்களை உட்காரவைத்து, மின்விசிறியைக் குறைத்தாள்.

"அக்கா, உங்களுக்குக் கெடச்சது அசல் மருந்து."

அக்கா இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சங்கரி சொன்னாள்.

"நான் அதப் போய்த் தெனமும் திட்டிட்டுல்லா விழுங்கினேன்" என்றாள் அக்கா. "சரி, போட்டும். அப்பம் இனியும் தா மக்கா."

"இனி இல்லக்கா." சங்கரி மேஜையில் இருந்த பேனாவை எடுத்து வைத்தாள். "பல ஊர்ல பல பேருக்குக் குடுத்துப் பாத்தாச்சு. எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா, மருந்து தின்னவங்களுக்கும் வெறும் குளிகை தின்னவங்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. கம்பெனி நிறுத்திப்போட்டுது."

"எனக்க இருமல் அதுக்குக் கேட்டுதே."

"கேட்டுது. மருந்தாலயா, தானாட்டு கொறஞ்சுதாண்ணு ஒரு ஆள வச்சு சொல்ல ஏலாது. எனக்கு மருந்தாலண்ணுதான் தோணுது. ஆனா எனக்குத் தோணுதத வச்சு கம்பெனிக்காரன் மருந்து செய்ய மாட்டான்."

"எனக்கு மட்டும் ஒரு சாக்கு அனுப்பச் சொல்லு. கல்லாட்டு அனுப்பினாலும் போரும், நான் பொடிச்சுக்கிடுதேன்."

சங்கரி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அவளால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்கா எழுந்து போய் அவள் தோளில் தட்டினாள். "நீ எதுக்கு வெப்ராளப்படுத? நீயா நிறுத்தினா?"

புறப்படும்போது கதவருகில் நின்று, ஞானையண்ணனுக்கு எது என்று கேட்டாள். அதை அவரிடம் மட்டும்தான் சொல்லலாம் என்றாள் சங்கரி. சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே ஒரு தண்ணீர்த்தொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அவருடையதுதான் மாவு என்று இருவருக்கும் விளங்கிவிட்டது.

சில வாரங்களில் இருமல் திரும்பி வந்தது. பழைய இடத்துக்கே வந்தது. ஒரே ஒரு வித்தியாசம், இப்போது அதற்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். "இது நரம்பாக்கும். க்ஷயமாட்டு இருந்தா நரம்புக்கான குளிகைக்குக் கேக்குமா? சங்கரி டாக்டர்ட்ட கேட்டுப் பாருங்க" என்று வரிசையைப் பார்த்து உரக்கச் சொல்வாள். தான் தின்றது அசல் என்பதைச் சந்தையிலும் ரயிலிலும் கல்யாண வீடுகளிலும் சொன்னாள். இருமல் இல்லாத நாட்களை ஊரே கண்ணால் பார்த்திருந்ததால் அவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. சாக்குகள் முழுவதும் போய்விடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மிளகாய் என்று ஆயிற்று. அந்த இரண்டு காலையிலும் சோமண்ணன் ஆட்டோவை நிறுத்திவிட்டு இயந்திரத்தில் நிற்பார். அக்கா பாதைக்கு அந்தப் பக்கம், பலாமரத்தடியில், செண்டு போட்டவர்களை விரட்டிவிட்டு அவர்களுடைய இடத்தில் உட்கார்ந்து, அங்கிருந்தே அவருக்குக் கட்டளையிடுவாள்.

போன புதன்கிழமை ஞானையன் மில்லுக்கு வந்தார். கையில் மல்லிப் பை. முகம் தெளிந்திருந்தது. புகைப்புரைக்குத் திரும்பிப் போய் மாதக்கணக்காகிறது, ஒரு தொந்தரவும் இல்லை, ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர்கூட நெஞ்சு சுத்தம் என்று சொல்லிவிட்டார் என்றார்.

"சங்கரி டாக்டர் வரச் சொன்னா. நான் போகல்ல. அசலுதாண்ணு எனக்கே தெரியும், பின்ன அவ எதுக்குச் சொல்லணும்?" பையைத் திண்டில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "ஆனந்தபாயி, உனக்குக் கிட்டினதுதான் அசலுண்ணு சந்தையில ஒரு பேச்சு உண்டு. அப்பம் எனக்குக் கிட்டினது என்னண்ணு நேத்து முதல் ஒரு வெப்ராளம். காலையில புரைக்குள்ள போனப்பம் தொண்ட லேசாட்டு அரிச்சுது."

ஊர் முழுக்கத் தான் சொல்லி வைத்த பெருமை அக்காவின் நாக்கு நுனியில் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"அந்தப் பேச்சு நான் கெளப்பினதாக்கும் அண்ணே" என்றாள். "மில்லுக்கு ஆள் வரண்டாமா? எனக்குத் தந்தது மாவுதான். நான் அப்பமே சொல்லல்லியா?"

நிம்மதியில் ஞானையனின் தோள் இறங்கியது. அவள்மேல் அவருக்கு மிகுந்த இரக்கம் வந்துவிட்டது. பாவம், உனக்கும் அசலே கிட்டியிருக்கலாம் என்றார். மல்லிப்பொடியை வாங்கிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, பாதையில் இறங்கி நடந்தார்.

புதன்கிழமை மில்லுக்குள் மிளகாய் கிடையாது. காற்று சுத்தமாக இருந்தது. அக்காவின் மூச்சும் சீராகத்தான் வந்துகொண்டிருந்தது. அவள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, ஞானையன் வளைவு திரும்பும் வரை, அவர் காதில் விழும்படியாக இருமினாள்.